எபிஊசியோஸ்: ஒரு சொல்லும் ஒரு நாள் கூலியும்

(பேரிகையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் அமைப்பாளர் சிரித்துவிட்டார். "பேரிகையில யாருங்க ஐயா கிரேக்கம் கேட்கப் போறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். தக்காளிக் கூடைக்கு விலை பேசுகிறவர் தமிழில் தொடங்கி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் முடிக்கிறார். வீட்டுக்கு ஒரு மொழி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மொழி, ஓசூர் சிப்காட்டுக்குள் போனால் அரைகுறை இந்தியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சொல் எல்லை தாண்டும்போது எதை இழக்கிறது, எதைக் கூட்டிக்கொள்கிறது என்பது உங்களுக்குப் பழக்கமான சங்கதி. ஆகவே தயங்காமல் தொடங்குகிறேன்.

இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக ஒரு மன்றாட்டு உண்டு. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு வடிவமும், லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் அதைவிடச் சிறிய வடிவமுமாக இருக்கிறது. கிறித்தவர் அல்லாதவர்களும் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். அதன் நடுவில் சாப்பாடு கேட்கிற வரி ஒன்று வரும். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் பெயர்ச்சொல் 'ஆர்த்தோஸ்'. ரொட்டி, அப்பம் என்று பொருள். அதில் சிக்கல் ஏதும் இல்லை. அந்த ரொட்டிக்கு ஓர் அடைமொழி சேர்த்திருக்கிறார்கள்: 'எபிஊசியோஸ்'. இந்த அடைமொழிக்கு என்ன பொருள் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் நாள் தவறாமல் சொல்லும் மன்றாட்டில், பொருள் முடிவாகாத சொல் ஒன்று சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சிக்கலை முதலில் எழுத்தில் வைத்தவர் ஓரிகன். எகிப்தின் அலெக்சாந்திரியாக்காரர். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. அவர் காலத்தில் அவரைப் போலப் படித்தவர்கள் குறைவு. 233, 234 வாக்கில் மன்றாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொல்வதன் சாரம் இது: இந்தச் சொல்லைப் புலவர்களிடமும் கேட்டதில்லை, தெருவில் பேசும் மக்களிடமும் கேட்டதில்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கிக்கொண்டது போலிருக்கிறது. பிற்காலத்து வெளிநாட்டு அறிஞர் ஒருவர் அகராதியைப் புரட்டிவிட்டுச் சொன்னதாக இருந்தால் நாம் அவ்வளவு பொருட்படுத்த வேண்டாம். அந்த மொழியிலேயே பிறந்து, அதிலேயே கனவு கண்டவர் சொல்கிறார். அதற்கு எடை உண்டு.

1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரையென்னியோஸ் என்ற கிரேக்க ஆயர் ஒரு பழைய கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தார். பன்னிரு திருத்தூதர் போதனை என்று வழங்கும் 'திதாக்கே' அதில் இருந்தது; 1883இல் அச்சிட்டார். அதிலும் இந்த மன்றாட்டு வருகிறது, நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி அறிவுறுத்துகிறது, எபிஊசியோஸும் இருக்கிறது. ஆனால் அதே மன்றாட்டில் வரும் அதே சொல்தானே? அதைத் தனிச்சான்றாகக் கொள்ள முடியாது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'எபி' என்பது முன்னொட்டு: மேல், மீது, உரிய, அடுத்த என்று இடத்துக்கேற்பப் பொருள் தரும். மிச்சத்தைப் பிரிப்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, அது 'ஊசியா' என்கிறது. மறு கட்சி, வருதல் என்ற வினையிலிருந்து வந்தது என்கிறது.

முதல் கட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஊசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு முகங்கள். தத்துவ ஆசிரியர்கள் கையில் அது உள்பொருள், சாரம், ஒன்றை அதுவாக ஆக்குவது. சாதாரண மக்கள் வாயில் அது சொத்து. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இளைய மகன் அப்பாவிடம் பங்கு பிரித்து வாங்கிப்போய்த் தொலைத்தானே, அந்தச் சொத்துக்கு அங்கே ஊசியா என்றுதான் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் பெரும்பாலும் இரண்டு சொற்கள் தேட வேண்டும். நமக்கு 'பொருள்' என்ற ஒரே சொல் போதும். அறம் பொருள் இன்பத்தில் வரும் பொருளும், மெய்ப்பொருள் என்பதில் வரும் பொருளும் ஒரே சொல்தான். ஊசியாவுக்கு இது நேரான இணை.

ஊசியாவை அன்றாடப் பொருளில் எடுத்தால், எபிஊசியோஸ் என்பது உயிர் நிலைக்கத் தேவையான உணவு ஆகிறது. தத்துவப் பொருளில் எடுத்தால் பொருள் கடந்த பொருளாக, ஆன்மாவின் உணவாக ஆகிறது. ஓரிகன் இரண்டாவது பக்கம் சாய்ந்தார். லத்தீன் மொழியில் விவிலியத்தைச் சீர்படுத்திய ஜெரோம் செய்ததுதான் வேடிக்கை. 380களில், போப் தமாசுஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் நற்செய்திகளைத் திருத்தியபோது, மத்தேயுவில் இந்தச் சொல்லைப் 'பொருளுக்கு மேற்பட்ட' என்ற அர்த்தத்தில் ஒரு கனமான லத்தீன் சொல்லாக்கினார். லூக்காவில் அதே கிரேக்கச் சொல் வந்தபோது, 'அன்றாட' என்ற பழைய சொல்லையே விட்டுவைத்தார். ஒரே மூலச் சொல், ஒரே மொழிபெயர்ப்பாளர், இரண்டு சொற்கள். நம் கல்லூரிகளில் ஒரு மாணவர் இப்படிச் செய்தால் மதிப்பெண் குறையும். மக்கள் என்ன செய்தார்கள்? வழிபாட்டில் ஜெரோமின் கனமான சொல்லைத் தொடவே இல்லை. அன்றாட ரொட்டியையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை அப்படித்தான்.

ஜெரோமை ஒதுக்கிவிடவும் முடியாது. மிக முக்கியமான தடயம் ஒன்றை நமக்கு விட்டுப்போனவர் அவர்தான். எபிரேயர் நற்செய்தி என்று வழங்கிய, இன்று நமக்குக் கிடைக்காத ஒரு நூலை அவர் பார்த்திருக்கிறார். அதில் இந்த இடத்தில் 'மாஹார்' என்ற சொல் இருந்ததாக எழுதுகிறார். எபிரேயத்தில் அதற்கு 'நாளை' என்று பொருள். இது இரண்டாவது கட்சிக்குப் பெரிய துணை. கிரேக்கத்தில் 'ஹே எபிஊசா' என்றால் 'வருகிற நாள்', அதாவது மறுநாள். இது கற்பனைச் சொல் அல்ல. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலின் கப்பல் பயணங்களைச் சொல்லும்போது, மறுநாள் இந்த ஊருக்குப் போனோம் என்கிற இடங்களில் சாதாரணமாக வருகிறது. எபிஊசாவிலிருந்து எபிஊசியோஸ் பிறப்பது கிரேக்க இலக்கணத்துக்கு இயல்பு. ஊசியாவோடு எபி சேர்ந்தால், எபியின் கடைசி இகரம் கெட்டு 'எபூசியோஸ்' ஆவதே பொது வழக்கு. விதிவிலக்குகள் உண்டு, இலக்கணம் என்றால் விதிவிலக்கு இல்லாமலா? ஆனாலும் தராசு இந்தப் பக்கம்தான் தாழ்கிறது. 1871இல் இங்கிலாந்து அறிஞர் லைட்ஃபுட் இதை விரிவாக வாதாடினார்.

இடையில் ஒரு கதை. நல்ல துப்பறியும் கதைக்குரிய சரக்கு. 1889இல் எகிப்தின் ஹவாராவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் தாள்களில் ஒரு வீட்டுச் செலவுக் கணக்கு இருந்தது. நம் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் பால், காய்கறி என்று எழுதுவோமே, அதே ரகம். சேய்ஸ் என்ற அறிஞர் அதைப் படித்து வெளியிட்டார். அதில் சிதைந்த ஒரு வரியில் 'எபிஊசி' என்ற எழுத்துகள் இருப்பதாக அவர் படிப்பு. 1920களில் ஜெர்மன் அறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகா, ஓரிகன் சொன்னது தவறு, இது தெருவில் வழங்கிய சொல்தான், அன்றாடப் படியைக் குறிக்கிறது என்று அகராதிகளில் ஏற்றினார்கள். சரிபார்க்கலாம் என்று தேடினால் மூலத் தாளைக் காணோம். பெரிய பெரிய நூல்கள் எல்லாம் யாரும் பார்க்க முடியாத ஒரு தாளை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தன. 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து பைனெக்கி நூலகத்தில் அந்தத் தாள் அகப்பட்டது. நைமன், வோர்ப் என்ற இருவர் மறுபடி படித்து, 1999இல் எழுதினார்கள். அங்கே எபிஊசியோஸ் இல்லை. 'எலாயூ' என்று இருந்தது. அதாவது எண்ணெய்! ஒரு வீட்டு எண்ணெய்ச் செலவு, இத்தனை ஆண்டுகள் இறையியல் அகராதிகளில் ரொட்டியாக உலா வந்திருக்கிறது. ஓரிகன் சொன்னது நின்றது: அந்த மன்றாட்டுக்கு வெளியே இச்சொல்லுக்கு இன்னும் சான்று இல்லை.

இனி நம் மொழிகளுக்கு வருவோம். ஓசூர்ப் பகுதியில் ஒரே தெருவில் மூன்று மொழிகளில் இந்த மன்றாட்டைக் கேட்கலாம். கன்னட விவிலியத்தில் 'அனுதின' என்ற சொல்லும் 'ஆகார'மும். தெலுங்கில் இரண்டும் சேர்ந்து 'அனுதினாஹாரமு'. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய மன்றாட்டிலும் 'அனுதின' என்றுதான் இருந்தது. இன்றைய வழிபாட்டில் அது 'அன்றாட' ஆகியிருக்கிறது. ஆனால் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய விவிலியத்தைத் திறந்தால், 'வேண்டிய' ஆகாரம். மலையாளத்திலும் அப்படியே, ஆவசியமான ஆகாரம். சீர்திருத்தச் சபைக்குத் தமிழில் அடிகோலியவர்கள் ஜெர்மானிய லூதரன்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714, 15இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியபோது, அவர் சின்ன வயதிலிருந்து ஜெர்மன் மொழியில் சொல்லிவந்த மன்றாட்டில் இருந்தது 'அன்றாட' ரொட்டி. ஆனாலும் அந்த மரபில் வளர்ந்து நிலைத்த தமிழ்ப் பதிப்பில் 'வேண்டிய' என்று நிற்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மத்தேயுவில் 'தேவையான' என்றும் லூக்காவில் 'அன்றாட' என்றும் போட்டது. ஜெரோமின் ஆவி தமிழ்நாட்டு வழியாகவும் போயிருக்கும் போல. ஆகவே கத்தோலிக்கத் தமிழர் கோவிலில் வாயால் சொல்வது ஒன்று, கையிலுள்ள மத்தேயுவில் படிப்பது ஒன்று.

'வேண்டிய' என்பது கிரேக்கத்தைவிட்டு விலகிய சொல்லா? இல்லை. இயேசு பேசிய அரமேயத்துக்கு மிக நெருங்கிய மொழி சிரியாக். அம்மொழியின் பெஷித்தா விவிலியம் இந்த இடத்தில் 'நம் தேவைக்குரிய ரொட்டி' என்ற கருத்தில்தான் சொல்கிறது. கேரளத்துத் தோமா கிறித்தவர்கள் நூற்றாண்டுகளாகத் திருவழிபாட்டில் வைத்திருந்த விவிலியம் இது. அதற்கும் தமிழ்ப் பதிப்புக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஊசியா கட்சியின் எளிய பக்கத்தை இரு தரப்பும் தனித்தனியே எட்டியிருக்கலாம்.

தமிழ், தெலுங்கு ஆசிரியர்களுக்காக ஓர் இடைச்செருகல். இந்த மன்றாட்டில் ரொட்டி 'எங்கள்' ரொட்டி. கேட்கப்படுகிற கடவுள் அதைச் சாப்பிடப் போவதில்லை. ஆகவே 'நம்' என்று தமிழில் வராது. தெலுங்கிலும் 'மன' அல்ல, 'மா'. கிரேக்கத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது, இன்றைய கன்னடத்துக்கும் தெரியாது. 'என்' ரொட்டி என்று எந்த மொழியிலும் இல்லை என்பதையும் கவனியுங்கள். தனியாகச் சொன்னாலும் பன்மையில்தான் கேட்க வேண்டும்.

ரொட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியில் தமிழ் விவிலியம் 'அப்பம்' என்கிறது. அதே ஆர்த்தோஸ் மன்றாட்டில் வரும்போது 'ஆகாரம்', 'உணவு' ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அப்பம் நமக்குப் பலகாரம். தினமும் யாரும் பலகாரம் கேட்பதில்லை. பாலஸ்தீனத்து ஏழையின் ரொட்டி பெரும்பாலும் வாற்கோதுமை; யோவான் நற்செய்தி ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த ஐந்து அப்பங்களையும் வாற்கோதுமை அப்பங்கள் என்றே குறிக்கிறது. கோதுமை வசதியுள்ளவருக்கு. இந்தப் பக்கத்துக்காரருக்குச் சொல்வதானால், அது ராகிக் களி. அரிசிச் சோறு அல்ல. நம் தாத்தா காலத்தில் நெல்லுச்சோறு பண்டிகை நாளில் மட்டும் என்று இருந்ததே, அந்தக் கணக்கு.

ஆக மூன்று கட்சிகள் மிச்சம்: நாளைக்குரியது, இன்றைக்குத் தேவையானது, ஆன்மாவுக்கானது. இவற்றில் எது என்று இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்க்கப் பார்த்தவர்கள்தான் அதிகம். நான் கூலியை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு கதை. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைத் தெருவுக்குப் போய் ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேச்சு. பழைய தமிழ்ப் பதிப்பில் ஒரு பணம். ஒன்பது மணிக்கு இன்னும் கொஞ்சம் பேர், பிறகு பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஓசூரில் காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்கு ஆட்கள் நிற்கும் இடங்களில் போய்ப் பாருங்கள். மண்வெட்டி, தட்டு, டிபன் பாக்ஸ். மேஸ்திரியின் வண்டி நின்றதும் பத்துப் பேர் ஓடுவார்கள், நான்கு பேர் ஏறுவார்கள். பதினொரு மணிக்கும் நிற்பவர்கள் வயதானவர்கள், ஒடிசலானவர்கள், இப்போதுதான் வடக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பையன்கள். கதையில் இருட்டும் வேளையில் கணக்குப் பிள்ளை கூலி கொடுக்கிறார். ஒரு மணி நேரம் வேலை பார்த்தவருக்கும் முழு தெனாரியம். காலையிலிருந்து வேலை பார்த்தவர்கள் கத்துகிறார்கள். தொழிற்சங்கத் தோழர்களுக்கும் இந்தக் கதையில் சம்மதம் இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அரை தெனாரியத்தில் ஒரு வீடு எப்படிச் சாப்பிடும்?

ஒரு தெனாரியத்துக்கு எவ்வளவு தானியம்? திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரம் பஞ்சகாலத்து விலை ஒன்று சொல்கிறது: ஒரு தெனாரியத்துக்கு ஒரு 'கொய்னிக்ஸ்' கோதுமை, அல்லது மூன்று கொய்னிக்ஸ் வாற்கோதுமை. கொய்னிக்ஸ் என்பது சுமார் ஒரு லிட்டர்ப் படி. ஒரு போர்வீரனுக்கு ஒரு நாள் படி அதுதான் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குப் போடுகிறார். பஞ்சம் வந்தால், கோதுமை தின்கிறவன் தன் நாள் கூலியில் தான் மட்டும் சாப்பிடலாம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வேண்டுமானால் வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். எபிஊசியோஸ் என்ற சொல்லைச் சுற்றியிருந்த பொருளாதாரம் இது.

இப்போது நாளையா இன்றா என்ற சண்டைக்கு வருகிறேன். யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. கூலி கொடுக்கிற நேரமும் அதுதான். கையில் காசு விழும் அந்த வேளையில் ஒருவன் 'வருகிற நாளுக்கான உணவு' கேட்டால், அவன் கேட்பது அந்த இரவுச் சாப்பாட்டையும் மறுநாள் வேலைக்குப் போகுமுன் வயிற்றில் போடுவதையும். காலையில் எழுந்து அதே சொல்லைச் சொன்னால், 'வருகிற நாள்' கண்முன்னே விடிந்துகொண்டிருக்கும் நாள். மாதச் சம்பளக்காரருக்குத்தான் இன்றும் நாளையும் தனித்தனி. கூலிக்காரருக்கு அவை ஒட்டிப் பிறந்தவை. நம்மூர் மளிகைக் கடையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். ஒரு கிலோ ராகி மாவு, கால் கிலோ பருப்பு, சின்ன பாக்கெட் எண்ணெய், பத்து ரூபாய்க்குத் தக்காளி, குழந்தைக்கு ஒரு பிஸ்கட். மாதச் சாமான் பட்டியல் எழுதி வாங்குகிறவர் இந்த நேரத்தில் வரமாட்டார். இப்படி வாங்குகிறவருக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: அன்றாடங்காய்ச்சி. அன்றன்று சம்பாதித்து அன்றன்று காய்ச்சிக் குடிப்பவர். 'அன்றாட' என்ற சொல்லுக்குத் தமிழில் இந்த வாடை உண்டு. 'அனுதின' என்பதில் அது இல்லை. அது பூசைக்கும் பொருந்தும், செய்தித்தாளுக்கும் பொருந்தும்.

நாளைக்கான உணவு என்று பொருள் கொண்டால், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிறதே, முரண் ஆகாதா என்று கேட்பார்கள். எனக்கு முரணாகப் படவில்லை. அங்கே கண்டனத்துக்கு ஆளாவது சேர்த்துவைக்கும் கவலை. லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட பணக்காரன் அன்றிரவே சாகிறான். ஒரு நாளைக்கு மேல் கேட்காத மன்றாட்டு அந்தப் பணக்காரனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. பாலைவனத்தில் இஸ்ரயேலருக்குக் கிடைத்த மன்னாவும் அப்படித்தான்: அன்றன்று பொறுக்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் புழுத்துவிடும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு, ஓய்வுநாளுக்குச் சேர்த்து. நாளைக்கான உணவை இன்றே தருவது என்பது அவர்கள் மரபுக்குப் புதிதல்ல.

லூக்கா இன்னொரு சாட்சியும் வைத்திருக்கிறார், பலர் இதைக் கவனிப்பதில்லை. மன்றாட்டு முடிந்ததும் ஒரு குட்டிக் கதை. நடுராத்திரியில் விருந்தாளி வந்துவிட்டான். வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். ஏன்? அவன் வீட்டில் ராத்திரிக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்குச் சுட்டது அன்றைக்கே தீர்ந்துவிடும் வீடு. எபிஊசியோஸுக்கு அகராதியில் பொருள் தேடுகிறவர்கள் அடுத்த ஐந்தாறு வரிகளைப் படித்திருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு: இலக்கணப்படி அது 'வருகிற நாளுக்குரிய' உணவு, வாழ்க்கைப்படி அதற்கு மிக நெருங்கிய தமிழ் 'அன்றாட'. 'வேண்டிய' என்பதும் தவறல்ல. ஆனால் அதில் நாள் இல்லை. அளவு மட்டும்தான் இருக்கிறது. வேண்டியது எவ்வளவு என்று அவரவர் நீட்டிக்கொள்ளலாம்.

ஆன்மிகப் பொருளை நான் கழித்துவிடவில்லை. ஜெரோமுக்குப் பசி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பாலைவனத்தில் நோன்பிருந்த மனிதர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் பல பொருள்களை அடுத்தடுத்து வைத்து, நற்கருணையையும் சேர்க்கிறது. வயிற்றுக்கு ஒரு ரொட்டி, ஆன்மாவுக்கு ஒரு ரொட்டி என்று இரண்டாகப் பிரிப்பதில்தான் எனக்குச் சங்கடம். தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்தப் பிரிவினை ஒட்டாது. 1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை திறந்து அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. மெய்ப்பொருள் தேடியவர் செய்த காரியம் சோறு போட்டது. ஊசியாவின் இரண்டு முகங்களையும் ஒரே இலையில் பரிமாறியவர் அவர்.

கடைசியாகச் சட்டம். உணவு கேட்கும் மன்றாட்டைக் கூலியோடு சேர்த்துப் படிப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. விவிலியமே வழி காட்டுகிறது. இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம், கூலிக்காரனின் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது, அவன் உள்ளூர்க்காரனானாலும் அயலானானாலும். லேவியர் 19, விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது. யாக்கோபின் திருமுகம், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற அளவுக்குப் போகிறது. நம் நாடாளுமன்றம் 2019இல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: நாள் கூலிக்காரருக்கு ஷிப்ட் முடியும்போதே கூலி தர வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். இணைச்சட்டத்தில் சூரியன், இதில் ஷிப்ட். இரவு ஷிப்ட் கண்டுபிடித்த பிறகு சூரியனை நம்ப முடியாதுதானே.

இந்த அவையில் பூந்தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், கட்டட மேஸ்திரிகள் இருக்கிறீர்கள், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்களும் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நாள் கூலிக்கு வரும் ஆளிடம் "சனிக்கிழமை சேர்த்து வாங்கிக்கப்பா" என்று சொல்லாதீர்கள். புதிதாக வந்த வெளிமாநிலப் பையனுக்குப் பாஷை தெரியாது என்று முதல் வாரக் கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். அன்றைய கூலியை அன்றைக்குச் சாயங்காலமே, மளிகைக் கடை சாத்துவதற்கு முன்னால், கையில் கொடுத்துவிடுங்கள்.